அக்ரோபேட் ரீடரின் ‘போஸ்டர்’ அச்சு: மரவேலைக்காரருக்கு ஒரு வரம்

நாற்காலிப் பின்கால் வளைவைக் கட்டம் போட்டுக் கையால் பெரிதாக்கியே பழகியவன் நான். இப்போது பி.டி.எஃப். கோப்புகளைத் திறக்கும் மென்பொருளான அக்ரோபேட் ரீடரில் அச்சிடும்போது ‘போஸ்டர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கிறேன். 1:5 வரைபடத்துக்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்காக வரைந்ததற்கு, பெரிதாக்கும் அளவு 500 சதவீதம். ஓரங்கள் 10 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, வெட்டுக்குறிகளையும் கேட்டால், ஏ4 தாள்களாகப் பிரித்துத் தந்துவிடுகிறது. இலவசம் வேறு!

முதலில் ஒரு தாளை மட்டும் அச்சிட்டு ஸ்டீல் ஸ்கேலால் அளந்துவிடுங்கள். 100 மி.மீ. வரவேண்டிய கோடு என் பிரிண்டரில் இரு திசையிலும் 99தான் வந்தது. 850 மி.மீ. காலில் அது எட்டரை மி.மீ. குறை! 505 சதவீதமாக்கியதும் சரியானது.

ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சம் பார்த்து, கோட்டோடு கோடு சேர்த்து ஒட்டினேன். வளைவு எங்கும் உடையவில்லை. துளை, அதில் செருகும் கழுந்து ஆகியவற்றின் அளவுகளை மட்டும் இன்னமும் மரத்திலேயே அளந்து குறிக்கிறேன்.