பழைய காருக்கு வழிகாட்டி: போன் ஹோல்டரா, ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவா?

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது. வழி பார்த்து ஓட்ட, கையில் இருக்கும் போனை ஹோல்டரில் மாட்டினாலே போதுமா, இல்லை வரைபடம் காட்டும் பெரிய திரை ஸ்டீரியோ போடலாமா?

செலவு
ஹோல்டர்: நல்ல சார்ஜரோடு சேர்த்து ஏறக்குறைய 1,000 ரூபாய்.
ஸ்டீரியோ: பொருத்தும் கூலியோடு 10,000 ரூபாயாவது ஒதுக்குங்கள்.

வெயில்
ஹோல்டர்: இதுதான் பெரிய தொல்லை. சித்திரை வெயிலில் முன்கண்ணாடி ஓரம் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும் போன், கை வைக்க முடியாதபடி சூடாகி, திரை மங்கிவிடும். உளுந்தூர்பேட்டையில் எனக்கு அப்படி ஆகி சேலம் பிரிவைத் தவறவிட்டேன். அப்புறம் ஹோல்டரை ஏசி காற்று வரும் இடத்துக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.
ஸ்டீரியோ: இந்தச் சிக்கல் குறைவு.

சிக்னல்
இரண்டுக்கும் ஒரே கதைதான். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நெட்டை நம்ப முடியாது. ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாம், வரைபடத்துக்குத்தான் வேண்டும். வீட்டு வைஃபையிலேயே அந்தப் பகுதியை ஆஃப்லைனில் இறக்கிவிடுங்கள். வழி தெரியும், நெரிசல் மட்டும் தெரியாது.

எப்போதாவது ஊருக்குப் போய்வருகிறவருக்கு ஹோல்டரே போதும், காசை வீணாக்க வேண்டாம். தினமும் வெகுதூரம் ஓட்டுகிறவர் ஸ்டீரியோ வாங்கலாம். ஆனால் 2 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) உள்ளது திணறும், 4 ஜிபியாகப் பாருங்கள். ஜிபிஎஸ் ஆன்டெனாவை டேஷ்போர்டுக்குள் புதைக்காமல் கண்ணாடி ஓரம் ஒட்டச் சொல்லுங்கள்.