மஸ்கட்டா, ரைஃபிளா? வித்தியாசம் குழலுக்குள்

சிங்கப்பூர் தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ரைஃபிளின் குழலைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே சுருளாக வரிப்பள்ளம் ஓடும். பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கியான பிரவுன் பெஸ் மஸ்கட்டில் அது கிடையாது. வழவழப்பான குழல், அதைவிடச் சற்றுச் சிறிய ஈயக்குண்டு, சீக்கிரம் திணித்துவிடலாம், ஆனால் குண்டு உள்ளே இடித்து இடித்து வெளியேறுவதால் 100 கஜம் தாண்டினால் குறியை நம்ப முடியாது. அதனால்தான் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுட்டார்கள்.

ஆரம்பகால ரைஃபிளில் பள்ளம் குண்டைச் சுழற்றிவிடுவதால் குறி துல்லியம், ஆனால் குண்டை இறுக்கித் திணிக்கவே நேரம் போய்விடும். அதைத் தீர்த்தது மினியே குண்டு: அடியில் ஒரு குழிவு, மருந்து வெடித்ததும் விரிந்து பள்ளத்தைக் கவ்விக்கொள்ளும். என்னைக் கேட்டால் துப்பாக்கியைவிட இந்தக் குண்டுதான் பெரிய கண்டுபிடிப்பு. பிரிட்டிஷ் ராணுவத்தின் 1853 என்ஃபீல்டு ரைஃபிளில் பல நூறு கஜத்துக்கு அப்பால் குறிவைக்க முடிந்தது இதனால்தான்.