கோவைல அப்பா காருக்கு செராமிக் கோட்டிங், கடை தேடின ஒரு வாரம்

துபாய்ல இருந்து இந்த தடவை 18 நாள் லீவுல கோயமுத்தூர் போனேன். அதுல பாதி நாள் அப்பாவோட காருக்கே போயிடுச்சு, ஆனா அதப்பத்தி வருத்தமே இல்ல. நீல கலர் பலேனோ, வாங்கி ரெண்டு வருஷம். அப்பா ரிட்டையர் ஆன காசுல வாங்கினது. வடவள்ளி வீட்டு முன்னாடி புங்கமரத்தடில நிக்கும், நிழல்தான், ஆனா பூவும் பிசினும் காக்கா எச்சமும் எல்லாம் அது மேலதான் விழும். சிறுவாணி தண்ணி குடிக்கவும் சமைக்கவும் சரியா இருக்கும், கார் கழுவறது போர் தண்ணிலதான். வெயில்ல அப்படியே காய்ஞ்சு காய்ஞ்சு பானட் முழுக்க வெள்ளை வெள்ளையா புள்ளி.

இதுல என்னை ரொம்ப கஷ்டப்படுத்தினது வேற விஷயம். கார் டெலிவரி எடுத்தப்பவே ஷோரூம்ல செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல தடவி காய வைக்கற மெல்லிசான பாதுகாப்புப் படலம்) பண்ணித் தர்றோம்னு 14,000 ரூபா வாங்கியிருக்காங்க. பில்ல எடுத்துப் பார்த்தா பெயிண்ட் புரொடெக்‌ஷன்னு ஒரே ஒரு வரி. என்ன ப்ராடக்ட், எத்தன கோட், எதுவும் இல்ல. காலைல பணம் கட்டி சாயங்காலம் வண்டிய கொடுத்துட்டாங்களாம். ஒழுங்கா கழுவி, க்ளே போட்டு (களிமண் மாதிரி கட்டியால தேய்ச்சு ஒட்டின அழுக்க எடுக்கறது), பாலிஷ் பண்ணி, கோட்டிங் அடிச்சு காய வைக்கணும்னா ஒரு பகல்ல முடியற வேலையே இல்ல அது. அப்பாட்ட இதச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அவங்க நல்லா பேசினாங்கம்மா"ன்னு மட்டும் சொன்னார். அப்பவே முடிவு பண்ணிட்டேன், இந்த தடவை நானே கூட நின்னு சரியா பண்ணிக் கொடுத்துட்டுத்தான் கிளம்பணும்னு.

முதல்ல போன இடம் நல்ல பெரிய கடை, ஏசி, சோபா, காபி எல்லாம் உண்டு. 28,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, 7 வருஷ வாரண்டி, 10எச் ஹார்ட்னெஸ்னு சொன்னாங்க. இந்த எச் கணக்கு பென்சில் கணக்குங்க. வேற வேற கடினம் உள்ள பென்சிலால கோட்டிங் மேல கீறிப் பார்க்கற டெஸ்ட் அது, வழக்கமான அளவு 9எச்சோட முடிஞ்சிடும். 9எச்ன்னா பென்சில் கோடு விழாதுன்னு அர்த்தம், சாவியால கீறினா விழாதுன்னு அர்த்தம் இல்ல. கோட்டிங்கோட கனமே ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான், நம்ம தலைமுடி ஒண்ணே சுமார் 70 மைக்ரான் வரும், அப்போ பாத்துக்கோங்க. வாரண்டி கார்டு கொடுங்கன்னு வாங்கி உக்காந்து படிச்சேன். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவங்ககிட்டயே 2,500 கட்டி சர்வீஸ் பண்ணணும், ஒண்ணு தவறினாலும் வாரண்டி போச்சு. 7 வருஷத்துக்கு 14 தடவை, 35,000 ரூபா, கோட்டிங் விலைய விட அதிகம். போதாததுக்கு தண்ணிப் புள்ளி, கீறல் ரெண்டுமே வாரண்டில வராதுன்னு கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கு, எங்க வண்டிக்கு பிரச்சனையே அது ரெண்டும்தான். வேலை நடக்கற இடத்தப் பாக்கலாமான்னு கேட்டேன், உள்ள அலோ பண்றதில்ல மேடம்னாங்க, நானும் அப்பாவும் எழுந்து வந்துட்டோம்.

அடுத்தது ரோட்டோரம், 8,000 ரூபா. பசங்க தங்கமான பசங்க, ஆனா திறந்த வெளி, லாரி போறப்பெல்லாம் புழுதி பறக்குது, கீழ விழுந்த துணிய உதறிட்டு அதே துணில அடுத்த வண்டியத் தொடச்சாங்க. மண்ணு ஒட்டின துணிதான் பெயிண்ட்ல வட்ட வட்டமா கோடு போடறது, நிலைமை இப்படி இருக்கறப்போ மேல எந்த கோட்டிங் அடிச்சும் என்ன பிரயோஜனம். மூணாவது கடைல ஃபோன்ல வீடியோதான் காட்டினாங்க, தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடற வீடியோ. சாதாரண வேக்ஸ் போட்டாலும் ஒரு மாசத்துக்கு தண்ணி அப்படித்தான் உருளும், அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

நாலாவது சரவணம்பட்டி பக்கம் ஒரு சின்ன ஷெட். மூணு வண்டி நிக்கற இடம், தரை ஈரமா சுத்தமா இருந்துச்சு, சுவத்துல மைக்ரோஃபைபர் துணி கலர் கலரா பிரிச்சு மாட்டியிருந்தாங்க, வீல் தொடைக்கறது தனி, பாடி தனி, கண்ணாடி தனி. ரேட் கேட்டேன். "கழுவாம ரேட் சொல்ல முடியாதுங்க்கா, அழுக்குக்கு அடில என்ன இருக்குன்னு பாக்கணும்"னார் கடைக்காரர். அங்கயே எனக்கு பாதி நம்பிக்கை வந்துடுச்சு.

கழுவி உள்ள ஏத்தி, ஷட்டர இறக்கி, கைல ஒரு லைட்ட வச்சு பானட் பக்கத்துல காட்டினார். வெளிய வெயில்ல பளபளன்னு தெரிஞ்ச அதே பானட்ல சிலந்தி வலை மாதிரி ஆயிரம் கோடு. அப்பா குனிஞ்சு பாத்துட்டு, பழைய வேட்டித் துணிலதான் தினமும் தொடைப்பேன்னு மெதுவா சொன்னார். அப்புறம் பெயிண்ட் கனம் அளக்கற மெஷின எடுத்து ஒவ்வொரு பேனலா வச்சார். பானட் 112 மைக்ரான், முன் கதவு 108, ரூஃப் 115. இடது பக்க பின் கதவுல வச்சதும் 240 காட்டுச்சு, பொதுவா திரும்ப பெயிண்ட் அடிச்ச இடத்துலதான் இப்படி கூடும். கடைக்காரர் நிமிர்ந்து அப்பாவப் பாத்தார், நானும் பாத்தேன். "அது... காந்திபுரத்துல ஒரு ஆட்டோ உரசிட்டான்மா, உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நெனச்சேன்." மூணு மாசத்துக்கு முன்னாடி நடந்து, பெயிண்ட் அடிச்சு, எங்க யாருக்கும் சொல்லாம விட்டிருக்கார். அவருக்கு அடி ஏதும் படலியேன்னு ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

கடைக்காரர் அதைப் பெருசு பண்ணவே இல்ல. "பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம் தாண்டிடுச்சுங்களா ஐயா, அப்போ கோட்டிங் போடலாம், அந்தக் கதவுல மட்டும் பாலிஷ் லேசா பண்றோம்"னார். ஒவ்வொரு பாலிஷும் கலருக்கு மேல இருக்கற கிளியர் கோட்ட (நிறமில்லாத மேல் அடுக்கு) கொஞ்சம் தேய்ச்சுத்தான் எடுக்குது, அதுவே மொத்தம் 40, 50 மைக்ரான்தான் இருக்கும், அளக்காம பாலிஷ் மெஷின வைக்கற ஆள்கிட்ட வண்டியக் கொடுக்கவே கூடாதுங்க. ஆழமான ரெண்டு கீறலக் காட்டி, இது முழுசா போகாது, போக வைக்கணும்னா பெயிண்ட் மெலிஞ்சிடும், விட்டுடலாம்னு அவரே சொன்னார். கல் தெறிச்சா என்ன ஆகும்னு கேட்டேன். "கோட்டிங் ஒண்ணும் தடுக்காதுங்க்கா, அதுக்கு பிபிஎஃப்னு தடிமனான பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டணும், உங்க ஓட்டத்துக்கு அவ்ளோ செலவு வேண்டாம்." எத்தன வருஷம் நிக்கும்? "ஒழுங்கா கழுவினா ரெண்டு வருஷம். அதுக்கு மேல நின்னா லாபம்." வரி எல்லாம் சேத்து 19,500, ப்ராடக்ட் பேரு, பேட்ச் நம்பர் போட்டு பில்.

ரெண்டரை நாள் ஆச்சு. முதல் நாள் நான் கூடவே இருந்தேன், யாரும் தடுக்கல. ஸ்ப்ரே ஒண்ணு அடிச்சாங்க, ரெண்டு நிமிஷத்துல கதவு அடிப்பக்கம் ஊதா கலர்ல வழிய ஆரம்பிச்சுது. பிரேக்ல இருந்து தெறிச்ச இரும்புத்தூள் பெயிண்ட்ல குத்தி நிக்குமாம், அதுல பட்டதும் அந்தக் கலர் வரும். அப்புறம் க்ளே, அப்புறம் பாலிஷ். பாலிஷ் முடிஞ்சதும் ஆல்கஹால் கலந்த லிக்விட் போட்டு தொடச்சுட்டு திரும்பவும் லைட்ட அடிச்சு காட்டினாங்க. இத கேட்டு வாங்கிப் பாருங்க, பாலிஷ்ல இருக்கற எண்ணெய் கீறல மறைச்சு வச்சிருக்கும், தொடச்சாத்தான் உண்மை தெரியும். மறுநாள் என் கண் முன்னாடி 50 மில்லி கோட்டிங் பாட்டில் சீல உடைச்சாங்க, ஒரு பாட்டில மூணு வண்டிக்கு ஓட்டற கடையும் இருக்குங்க்கான்னு கடைக்காரரே சொன்னார். ரெண்டு கைய விரிச்ச அளவு இடமா எடுத்து தடவறாங்க, லேசா வானவில் மாதிரி மின்னினதும் துடைக்கறாங்க, லேட்டானா அங்க திட்டா நின்னுடும்னு ஒரு பையன் பின்னாடியே லைட்டோட வந்தான்.

கடை பேர இங்க போடல. நான் பாத்தது ஒரே ஒரு வேலை, கைல மெஷின் பிடிக்கற பையன் மாறினா வேலையும் மாறும். நீங்க போற கடைல கழுவற வாளித் தண்ணி சுத்தமா இருக்கான்னு முதல்ல பாருங்க, வேலை நடக்கற இடத்துல நிக்க விடறாங்களான்னு பாருங்க, இந்த கோட்டிங் எதெல்லாம் செய்யாதுன்னு கேளுங்க, அதுக்கு சட்டுனு பதில் வர்ற இடத்துல காசக் கொடுங்க. நம்மள மாதிரி லீவுல போறவங்க கடைசி ரெண்டு நாள்ல இந்த வேலைய வச்சுக்கவே வேண்டாம், ஒரு வாரம் கழுவக்கூடாது, அந்த ஒரு வாரம் நாமளும் அங்க இருந்தா நல்லது.

வண்டி எடுக்கற அன்னைக்கு கடைக்காரர் என்கிட்ட அஞ்சு நிமிஷம்தான் பேசினார், அப்பாகூட அரை மணி நேரம் நின்னார். ரெண்டு வாளி (ஒண்ணு சோப்புத் தண்ணிக்கு, ஒண்ணு துணிய அலசறதுக்கு) எதுக்கு, வெயில் ஏறதுக்கு முன்னாடி கழுவி போர் தண்ணி காயறதுக்குள்ள எப்படி ஒத்தி எடுக்கணும், காக்கா எச்சம் பட்டா தேய்க்காம ஈரத்துணிய மேல போட்டு ஊற விடணும்னு செஞ்சே காட்டினார், அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி கேட்டுட்டு நின்னார். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை கொண்டு வாங்க ஐயா, காசு வேண்டாம், சும்மா பாத்துக்கலாம்னு சொல்லி நம்பர் வாங்கினார். என் நம்பர் இல்ல, அப்பா நம்பர்.