நான்கு அங்குல மழைமானி: திருகோணமலைக்கு ஒத்துவருமா?

கான் கட்டுவதையும் மதகு போடுவதையும் மேற்பார்வை செய்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் (ரி.ஓ.) நான். ஐப்பசி பிறந்தால் வெள்ள ஆயத்த வேலையும் சேர்ந்துகொள்ளும். "நேற்று எவ்வளவு மழை ரி.ஓ.?" என்று கூட்டத்தில் கேட்டால், "சரியான மழை சேர்" என்று சொல்லித் தப்ப முடியாது. மில்லிமீற்றரில் சொல்ல வேண்டும். அதற்காகச் சொந்தக் காசில் வாங்கியதுதான் இந்தப் பிளாஸ்டிக் மழைமானி.

தோட்டத்தில் குத்தி வைக்கிற சின்னக் குழாய்கள் மலிவு. ஆனால் வேண்டாம். 40 மி.மீ. வந்தாலே பல நிரம்பி வழியும். நம் கார்த்திகை மழைக்கு ஒரு ராத்திரிக்கும் காணாது. நான் சொல்வது வாய் நான்கு அங்குலம் உள்ளது. விலை பல மடங்கு. மேலே புனல், உள்ளே ஒடுக்கமான குழாய், வெளியே பெரிய உருளை. உள்குழாயின் பரப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒன்று என்பதால் 1 மி.மீ. மழை உள்ளே 10 மி.மீ. உயரத்துக்கு ஏறும். தூறலையும் வாசிக்கலாம். 25 மி.மீ. தாண்டினால் மிச்சம் வெளி உருளையில் சேரும். அதை உள்குழாயில் ஊற்றி ஊற்றி அளந்து கூட்ட வேண்டும். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு இதைச் செய்து பாருங்கள், எரிச்சல் புரியும்.

வாங்கியதும் சோதித்தேன். நான்கு அங்குல வாய்க்கு 81 மி.லீ. தண்ணீர் ஊற்றினால் 10 மி.மீ. காட்ட வேண்டும். மருந்துக்கடை ஊசிக்குழாயால் அளந்து ஊற்றினேன், கோட்டிலேயே நின்றது.

வளிமண்டலவியல் திணைக்களம் 24 மணி நேர மழையைக் காலை 8.30க்குக் கணக்கெடுப்பதால் நானும் அதே நேரம் வாசிக்கிறேன். பிறகு கிராம உத்தியோகத்தர்களுக்கு அழைப்பு, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று கேட்க. அப்புறம் வேலைத்தளம். 50 மி.மீ. மழை என்றால் ஒரு ஹெக்டேயரில் விழுவது ஐந்து இலட்சம் லீற்றர். "சின்னக் குழாய் போதும் சேர்" என்று இழுக்கிற ஒப்பந்தக்காரருக்கு இந்தக் கணக்கைச் சொன்னால் பேச்சுக் குறையும். சனத்துக்கும் அப்படித்தான். கானை மண் போட்டு மூடி மதில் கட்டியவரிடம் எண்ணோடு போனால் சண்டை கொஞ்சம் சுருங்கும்.

குறைகளும் உண்டு. புனலில் வேப்பிலை அடைக்கும், எறும்பு குடியேறும், வெயிலுக்குப் பிளாஸ்டிக் மங்கும். மரத்துக்கும் மதிலுக்கும் எட்ட, திறந்த இடத்தில் நட வேண்டும். அப்படி நட்டால் நம் பட்டணத்து மான்களுக்கு முதுகு சொறிய வசதி! கம்பை நன்றாக இறுக்குங்கள்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். இது பட்டணத்துக் கான்களுக்கும் நெருக்கமான குடியிருப்புகளுக்கும்தான் உதவும். மூதூர், வெருகல் பக்கம் இதை நம்பி இருக்கக் கூடாது. அங்கே வெயில் எறிக்கும்போதும் வெள்ளம் வரும். மலைநாட்டு மழையை மகாவலி கொண்டுவந்து சேர்க்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மாவிலாற்றுக் கட்டு உடைந்தபோது வந்த தண்ணீரை மூதூரில் எந்த மழைமானி காட்டியிருக்கும்? அந்தப் பக்கத்துக்கு நான் பார்ப்பது நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் மனம்பிட்டியில் மகாவலி ஆற்று மட்டத்தை. தம்பலகாமத்துக்குக் கந்தளாய்க் குளத்து நிலவரம். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117.

பள்ளிக்கூடம், கமக்காரர் அமைப்பு, கிராம உத்தியோகத்தர் அலுவலகம் என்று ஆளுக்கொன்று வைத்தால் இன்னும் பிரயோசனம். ஒரே பட்டணத்தில் உவர்மலையில் ஒரு மழை, உப்புவெளியில் இன்னொரு மழை பெய்கிறது. வாங்கும்போது உள்குழாய் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். கை தவறினால் முதலில் வெடிப்பது அதுதான்.