மஞ்சள் பலகை ஒன்று, பொருள் இரண்டு: அமெரிக்காவும் ஜெர்மனியும்

சுற்றுலா போன இடத்தில் கார் ஓட்டுபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மஞ்சள் சாய்சதுரப் பலகை. அமெரிக்காவில் அது எச்சரிக்கை; உள்ளே வளைவோ மானோ கறுப்பில் இருக்கும். ஜெர்மனியில் வெள்ளை விளிம்போடு, படமே இல்லாமல் நின்றால், நீங்கள் போவது முன்னுரிமைச் சாலை, அதாவது சந்திப்புகளில் உங்களுக்கே முதலிடம். அங்கே எச்சரிக்கைக்குச் சிவப்பு விளிம்பு முக்கோணம்தான்.

பலகையும் சிக்னலும் இல்லாத ஜெர்மன் சந்திப்பில் வலப்பக்கம் வரும் வண்டிக்கே முதலிடம், அது சின்னத் தெருவிலிருந்து வந்தாலும் சரி. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான், தயவுசெய்து வேகத்தைக் குறையுங்கள்.

சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்ப, அமெரிக்காவில் பெரும்பாலும் முழுதாக நின்று பார்த்தால் போதும். நியூயார்க் நகரத்தில் பொதுவாகக் கூடாது. ஜெர்மனியில் அதற்கெனப் பச்சை அம்புப் பலகை வேண்டும்.

50 என்ற வேகப் பலகை ஜெர்மனியில் கிலோமீட்டர், அமெரிக்காவில் மைல்: ஏறக்குறைய 80 கிலோமீட்டர்.