பாளையங்கோட்டை டு மணப்பாடு, வாடகை கேம்பர் வேன்ல ஒரு நாள்

எங்கம்மாவுக்கு முட்டு வலி, அரை மணி நேரத்துக்கு மேல உக்கார முடியாது, வழியில பாத்ரூமுக்கு எங்க போகன்னு அந்தக் கவலையிலயே அஞ்சு வருசமா எங்கயும் வரல. அதுக்குத்தான் போன மாசம் கேம்பர் வேன் எடுத்தோம். டிரைவர், டீசல் எல்லாம் சேத்து 12 மணி நேரத்துக்கு 9,000 ரூவா. டெம்போ டிராவலர மாத்திக் கட்டிருக்காங்க, ரெண்டு பெட்டு, கேஸ் அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ், பின்னால டாய்லெட். டாய்லெட்ல இடம் கம்மிதான், ஆனா அம்மா தைரியமா கெளம்புனது அத நம்பித்தான்.

திருச்செந்தூர் ரோட்டுலயே மெதுவா போவோம்னு முடிவு. முதல்ல கிருஷ்ணாபுரம் கோயில். எத்தன தடவ பஸ்ல தாண்டிப் போயிருப்போம், எறங்குனதே இல்ல! ராஜகுமாரிய தோள்ல தூக்கிட்டுப் போற குறவன் சிலை, கரும்பு வில்லோட மன்மதன், அன்னத்து மேல ரதி, ஒவ்வொண்ணுக்கும் கல்லுல நகம் வரைக்கும் செதுக்கிருக்கான். அம்மா நடுவுல வேனுக்கு வந்து இருவது நிமிசம் படுத்துட்டு மறுபடி உள்ள போய் பாத்தாவ, கார்ல வந்திருந்தா இது நடந்திருக்குமா சொல்லுங்க.

அடுத்து ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் இருந்த பழைய புளிய மரம், உறங்காப்புளி இருக்க ஊரு. நடை சாத்துததுக்குள்ள சேவிச்சாச்சு. பெறகு தாமிரபரணிக் கரையில மரத்தடி பாத்து வண்டிய நிப்பாட்டி, கொண்டு போன எலுமிச்சஞ்சோறும் துவையலும் சாப்ட்டு எல்லாரும் படுத்தோம். இங்கதான் கோவம் வந்துச்சு. இஞ்சின் ஆஃப்ல இருந்தாலும் நாலு மணி நேரம் ஏசி ஓடும்னு சொல்லித்தான் குடுத்தாங்க, ஒரு மணி நேரத்துல பேட்டரி போயிட்டு. போன் போட்டா 'வெயில் ஜாஸ்தி சார்'ங்காங்க, நம்ம ஊர்ல வெயில் இல்லாத நாள் எது? நல்லவேள ஆத்துக்காத்து வந்துச்சு, டிரைவர் அண்ணாச்சியும் எல்லா ஜன்னலையும் தொறந்துவிட்டு நிழலுக்கு வண்டிய மாத்திப் போட்டாவ. அவுகளுக்கு முழு மார்க்கு, ஒரு எடத்துலயும் அவசரப்படுத்தல.

திருச்செந்தூர்ல கூட்டம், கோபுரத்த கும்புட்டுட்டு நேரா உடன்குடி. அங்க கருப்பட்டி வாங்கி, மணப்பாட்டுல கடலப் பாக்க நிப்பாட்டி வேன் அடுப்புலயே சுக்குக் காப்பி போட்டோம். மணல் குன்று மேல திருச்சிலுவை கோயில், கீழ 1542ல வந்த சவேரியார் தங்குன குகை, பக்கத்துலயே கடல். குன்று ஏற முடியலன்னாலும் அம்மா வேன் வாசல்ல கால நீட்டி உக்காந்து இருட்டுத வரைக்கும் கடலயே பாத்துட்டு இருந்தாவ.

போக வர சுமாரா 150 கிலோமீட்டர்தான். இந்த வேனுக்கு அதுவே சரி, தூரமா போய் ரோட்டுலயே நாளக் கழிச்சா காசு வேஸ்ட். அட்வான்ஸ் குடுக்கதுக்கு முன்னால இஞ்சின ஆஃப் பண்ணி ஏசிய ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்க. அடுத்த மாசம் கூந்தன்குளத்துக்குப் பறவை பாக்க இதே வேனதான் கேட்டிருக்கோம், பேட்டரிய மாத்துனாதான் வருவோம்னு சொல்லியாச்சு.