பிடித்த இசைக்குழுவை நேரில் பார்க்க: சென்னையா, மதுரையா?

பாம்பன், கீழக்கரைப் பக்கம், கானாவும் ராப்பும் கலந்து சாதிக்கு எதிராகப் பாடும் சென்னை இசைக்குழுவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பாட்டுகளை 2018 முதல் போனிலேயே கேட்டு வருபவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

பயணம்: மதுரைக்கு பஸ் போதும். சென்னைக்கு, போக ஓர் இரவு ரயில், வர ஓர் இரவு.

செலவு: மதுரை என்றால் கச்சேரி முடிந்ததும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிடலாம். சென்னையில் அறை, ஆட்டோ, அப்புறம் மீனவர் என்றால் கடலுக்குப் போகாத நாட்களின் வருமான இழப்பும் சேரும்.

சத்தம்: இங்கேதான் விஷயம். பறையின் தாழ்ந்த, கனத்த ஒலியைப் போன் ஸ்பீக்கர் விழுங்கிவிடும். நேரில் அது நெஞ்சிலேயே அதிரும். மூடிய அரங்கில் எதிரொலி வரிகளை மழுக்கலாம். திறந்த மைதானமா என்று முதலில் விசாரியுங்கள்.

கூட்டம்: கானா சென்னையின் பாட்டு. அங்கே ஒவ்வொரு வரியையும் கூடவே பாடுவார்கள்.

பிள்ளைகளோடு போனால் மதுரை. வருடக்கணக்கான ஆசை என்றால், கடன் வாங்காமல் முடியுமானால், சென்னைதான்.